கத்தியை மழுங்க விடு

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான், உங்கள் தம்பி, பொடிசு மூவரும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பெல்ட் தொழிற்சாலையில் இன்னும் நாள் முழுக்க நின்றபடிதான் வேலையா?

எங்கள் கல்யாணத்தன்று அரை நாள் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை. இவள் என்ன திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரியமாகத்தான் எழுதுகிறேன்.

முன்னறையில் உட்கார்ந்து இவர் கைப்பைகளுக்குத் தோல் வெட்டுகிறார் அல்லவா? செவ்வாயும் வெள்ளியும் மதியம் துண்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போவார். போன மாதம் மூன்று கட்டு திரும்பி வந்துவிட்டது. ஓரமெல்லாம் நார் நாராக நிற்கிறதாம், சாயம் பிடிக்கவில்லையாம். "கத்தியால வெட்டுனியா, பல்லால கடிச்சியா?" என்று முதலாளி நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். இவர் முதலில் தோலைக் குறை சொன்னார். பிறகு கல்லைக் குறை சொல்லிப் புதுச் சாணைக்கல் வாங்கினார். தினமும் அரை மணி நேரம் தீட்டுகிறார், கத்தியில் கூர் ஏறவே மாட்டேன் என்கிறது. நான் வாயைத் திறந்தால், "காலேஜ்ல இதுக்கும் பரீட்சை வெச்சாங்களா?" என்கிறார். இடது கட்டை விரலில் இரண்டு பிளாஸ்திரியோடு சீறிக்கொண்டே இருக்கிறார்.

இன்னொரு கட்டு திரும்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். உங்கள் வீட்டிலேயே நன்றாகத் தீட்டுகிறவர் அக்காதான் என்று இவரே ஒருமுறை சொன்னார். எனக்குச் சொல்லிக்கொடுங்கள். இவர் வெளியே போகிற நேரத்தில் தீட்டி வைத்துவிடுகிறேன். இவருக்குத் தெரிய வேண்டாம். பதிலைப் பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா முகவரிக்குப் போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் தம்பி மனைவி


ஜனவரி 21

பட்டதாரிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

கல்லைத் தண்ணீரில் கால் மணி நேரம் போடு. குமிழி நின்றதும் எடு. நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று நேரான ஒரு சட்டத்தை வைத்துப் பார். குழிந்த கல்லில் எந்தக் கொம்பன் தீட்டினாலும் கத்தி கோணிக்கொள்ளும். உப்புத்தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, கல்லை அதில் தேய்த்துச் சமமாக்கு.

அவன் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு. அந்தச் சரிவு கல்லில் முழுதாகப் படியட்டும், கையைத் தூக்காதே. முன்னே தள்ளு, அழுத்தாமல் இழு. கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். முனையிலிருந்து முனைவரை அது வந்தால்தான் கல் விளிம்பைத் தொட்டது என்று அர்த்தம். வராமல் நிறுத்தினால் தீட்டியதே வீண். வந்த பிறகு தட்டைப் பக்கத்தைப் படுக்க வைத்து அதை எடு. கடைசியில் தோல்பட்டையில் பச்சை மெழுகு தடவி, கத்தியைப் பின்பக்கமாக மட்டும் இழு. முன்னே தள்ளினால் பட்டையை வெட்டிக்கொள்வாய், அவனுக்கும் தெரிந்துவிடும்.

குழந்தை தூங்கும்போது மட்டும் செய்.

அக்கறையோடு,
அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம். பொடிசு எழுந்து நாலு அடி நடந்தாள், ஐந்தாவது அடியில் பசை டப்பாவுக்குள் உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்குக் குளிரில் முட்டி வலி உண்டா?

முதல் செவ்வாய் ஒரு கத்தியைக் கரண்டியாக்கினேன். இவர் வந்து, "இது எப்போ இவ்வளவு கேவலமாச்சு?" என்று அதைத் தூக்கிப் போட்டார். வெள்ளிக்கிழமை பிடிபட்டது. பிசிறு வந்ததா என்று எப்படிப் பார்ப்பதென்று நீங்கள் எழுதவே இல்லை. இவர் கட்டை விரலைக் குறுக்கே வைத்துத் தடவுவார், நானும் அப்படியே செய்தேன். நூல் தடுக்கியது போல லேசாகத் தட்டுப்பட்டது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பட்டம் வாங்கிய அன்றுகூட இப்படி இல்லை.

சனிக்கிழமை காலை இவர் வெட்ட ஆரம்பித்தார். சத்தமே இல்லை. கத்தி தண்ணீரில் போவது போலப் போயிற்று. "பாத்தியா, கை திரும்பிடுச்சு!" என்றார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு கட்டும் ஒரு துண்டு கழியாமல் தேறிவிட்டன.

நேற்று வெட்டுப் பலகையில் ரத்தம். "என்னங்க, விரலு!" என்றேன். குனிந்து பார்த்து, "அட" என்றார். வேலையில் அவ்வளவு மும்முரம்.

உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? ஒரு முறை வந்து பொடிசைப் பாருங்களேன். பிறந்து பதினான்கு மாதமாகிறது.

அன்புடன்,
தம்பி மனைவி


பிப்ரவரி 15

பட்டதாரிக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ இனி விளிம்பில் விரலை வைக்காதே. துளிப் பஞ்சை எடுத்துத் தடவு, பிசிறு இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். நான் பல வருஷமாக அப்படித்தான் பார்த்தேன்.

ரத்தம் வந்தது எந்தக் கையில்? சூடான டம்ளரை அவன் எப்படிப் பிடிக்கிறான்? சட்டைப் பொத்தான் போட நேரமாகிறதா? முழங்கையைச் சுற்றித் தோல் எங்காவது வெளுத்திருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். சீக்கிரம் எழுது.

அண்ணி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம் என்றே தொடங்குகிறேன்.

சும்மா கேட்டீர்களா? இடது கை. பாலைத் துணியில்லாமல் அடுப்பிலிருந்து இறக்குகிறார். "தோல் வெட்டுறவனுக்குக் கையும் தோல்தான்" என்று சொல்லிக்கொள்வார், நானும் அதைப் பெருமையாகத் தையற்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பொத்தானை நான்தான் போட்டு விடுகிறேன். புதுப் பெண்டாட்டி மாதிரி கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். முழங்கைக்குக் கீழே தேமல் ஒன்று இருக்கிறது, களிம்பு தடவுகிறோம்.

வெள்ளிக்கிழமை இவர் சீக்கிரம் வந்துவிட்டார். கல்லை ஒளித்துவிட்டேன், பஞ்சு மட்டும் மேஜையில் கிடந்தது.

"இது என்னது?"

"கத்தியைப் பஞ்சால பாக்கலாம்னு எங்கயோ படிச்சேன்."

"பஞ்சு வெச்சா பாக்குறே? அப்புறம் விரல் எதுக்கு இருக்கு?" என்று சிரித்தபடி பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்துக் கட்டை விரலில் ஓட்டிப் பார்த்தார். "ம்ம், சூப்பரா இருக்கு."

அண்ணி, அந்தக் கத்தியை நான் இன்னும் தீட்டவில்லை. அவர் குளிக்கப் போனதும் ஒரு துண்டுத் தோலில் வைத்து அழுத்தினேன். தோலில் கோடு விழுந்தது, வெட்டு விழவில்லை.

ஏன் அதையெல்லாம் கேட்டீர்கள்? உடனே எழுதுங்கள்.

தம்பி மனைவி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கு உடம்பு சரியில்லையா? கடிதம் கிடைக்கவில்லையா? தையற்காரம்மா என் முகத்தைப் பார்த்தாலே, "இல்லம்மா, இன்னைக்கும் வரல" என்கிறாள்.

நூலகத்துக்குப் போய் மருத்துவப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். நீங்கள் கேட்ட நாலு கேள்வியும் ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தின் தலைப்பை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அதன் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பொடிசு இவர் மடியில் உட்கார்ந்து மீசையை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவளைத் தூக்கிவிட்டேன். பசிக்கும் என்றேன். அப்போதுதான் சாப்பிட்டிருந்தாள், அது இவருக்கும் தெரியும். அவள் படுக்கையை என் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் இன்னும் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நிறுத்தினால் தெரிந்துவிடுமே. முதலாளி இவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாராம்.

தயவு செய்து ஒரு வரியாவது எழுதுங்கள்.


ஏப்ரல் 2

பட்டதாரிக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

தொழுநோய். நீ எழுதத் துணியாததை நான் எழுதிவிட்டேன். எனக்கு அது வந்தது. இடது கைக்கு உணர்ச்சி போனது, கடைசி இரண்டு விரல் மடங்கிக்கொண்டது. உங்கள் கல்யாணத்தில் சால்வையை விட்டுக் கையை வெளியே எடுக்காமல் இருந்தேனே, கர்வம் பிடித்தவள் என்று நினைத்திருப்பாய். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். குணமாகி ஆறு வருஷமாகிறது. மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அது யாருக்கும் பரவாது. இதை டாக்டர் எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொல்கிறேன், நம்பு. மடங்கிய விரல் மட்டும் நிமிராது. தாமதமாகப் போனதற்கு அது அடையாளம்.

ஏன் தாமதம்? நான் தீட்டிய கத்தி ஏறாமல் போனபோது அப்பா கல்லைக் குறை சொன்னார். பிறகு எனக்குத் தெரியாமல் என் கத்திகளை அவரே தீட்டி வைத்தார், ஒரு வருஷம். என் கை நன்றாக இருப்பதாகவே நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் செய்ததைத்தான் நீ இப்போது செய்கிறாய்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தி ஏறவில்லை, விரலில் இரண்டு பிளாஸ்திரி. வேறென்ன? தெரிந்தும் தீட்டக் கற்றுக்கொடுத்தேன். அவனை டாக்டரிடம் அனுப்பினால், வீட்டில் யாருக்கு இருந்தது என்று கேட்பார்கள். அப்பா போன பிறகு அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவள் என்ற பெயரோடு இருந்துவிடலாம் என்று பார்த்தேன்.

இனித் தீட்டாதே. கத்தியை மழுங்க விடு. அவனுக்கே தெரியட்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. என்னைப் பற்றி மட்டும் சொல்லாதே.

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணி,

ஜனவரி, பிப்ரவரி, மார்ச். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த மூன்று மாதமும் நீங்களும் நானும் சேர்ந்து அவர் கண்ணைக் கட்டியிருக்கிறோம். மார்ச் வரை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் மரியாதை கெட்டுவிடும்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். செவ்வாய்க்கிழமை நான் கத்தியைத் தொடவில்லை. புதன் காலை மூன்றாவது துண்டில் கத்தி வழுக்கி, நல்ல தோலின் நடுவே ஓடிவிட்டது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் தீட்டினேங்க."

"என்ன?"

"ஜனவரிலேர்ந்து நான்தான்."

வெட்டுப்பட்ட தோலைக் கீழே வைத்தார். பிறகு, "அப்போ முதலாளி தட்டிக் குடுத்தது உன் முதுகையா?" என்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கண்ணை மூடுங்க. தொட்டதும் சொல்லுங்க" என்றேன். எதற்கு என்று கேட்டபடியே மூடினார். பஞ்சை அவர் கட்டை விரலில் வைத்தேன். காத்திருந்தார். "சீக்கிரம் தொடு, என்ன விளையாட்டு இது?" என்றார். நான் தொட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார். அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி என்றதும் கத்தினார். "எங்க குடும்பத்துல யாருக்கும் அப்படி ஒண்ணு கிடையாது. இன்னொரு தடவை அந்தப் பேச்சு எடுக்காதே." பிறகு மெதுவாக, "பிள்ளைய மடியிலேர்ந்து தூக்கினியே, அன்னைக்கே நீ முடிவு பண்ணிட்டே இல்ல?" என்றார். அன்றிலிருந்து முன்னறையிலேயே இருக்கிறார். தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். பொடிசு கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து அழுகிறாள்.

அவர் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்: எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. அதை உடைக்க உங்களால்தான் முடியும். நான் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டும். அவர் பெயருக்கு, இந்த வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

தம்பி மனைவி


ஏப்ரல் 20

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. தெரியும்.

உள்ளே ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். என் இடது கையை அதன் மேல் வைத்து, அச்சு எடுப்பது போலப் பென்சிலால் சுற்றி வரைந்தது. நீ அச்சைப் பார்த்து வெட்டுகிறவன், உனக்கு விளக்க வேண்டாம். கடைசி இரண்டு விரலையும் பார்.

நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது என்றாயாமே. எனக்கு இருந்தது. அப்பாவுக்குத் தெரியும். நான் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, மருந்து சாப்பிடப் போனேன். குணமான பிறகும் வெட்கப்பட்டுக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். உன் மனைவி ஜனவரியிலேயே எழுதினாள். நான்தான் வாயை மூடிக்கொண்டேன். அவள் மேல் கோபப்படாதே. என் மேல் படு, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு படு.

ஊசி போட வருகிறார்கள் என்றால் நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவாய், நான் காலைப் பிடித்து வெளியே இழுப்பேன். அப்போது கை நன்றாக இருந்தது. இப்போது காகிதத்தால் இழுக்கிறேன், வாடா வெளியே.

என்னிடமிருந்துதான் உனக்கு வந்ததா என்று டாக்டரிடம் கேட்காதே. கேட்டாலும் எனக்கு எழுதாதே.

அக்கா


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு நன்றாக இருக்கிறதா? இம்முறை உண்மையாகவே கேட்கிறேன்.

இவர் உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தார். தாளைப் பிரித்து மேஜையில் வைத்து, அதன் மேல் தன் இடது கையை வைத்துப் பார்த்தார். உங்கள் கை சின்னது. ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். "பொத்தான் போட்டு விடு. போலாம்."

டாக்டர் ஒரு பெண். எழுதிக்கொண்டே, "வீட்ல யாருக்காவது இருந்துச்சா?" என்றார். "எங்க அக்காவுக்கு" என்றார் இவர், தேவைக்கு மேல் சத்தமாக. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க அக்காவுக்குத்தான். குணமாயிடுச்சு" என்று மறுபடியும் சொன்னார்.

ஒரு வருஷம் மாத்திரை. மற்ற விரல்களுக்கு ஆபத்தில்லை. கட்டை விரலுக்கு உணர்ச்சி திரும்புமா என்று கேட்டோம். "ஒரு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார் டாக்டர், பேனாவை மூடிக்கொண்டே. இதை உங்களிடம் மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறைத்தது போதும். பாதி உங்களுடையது, பாதி என்னுடையது.

எனக்கு வராமல் தடுக்க ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். பொடிசுக்கு அதற்கான வயதில்லை, அடிக்கடி தோலைப் பார்த்துவந்தால் போதுமாம்.

இப்போது இவர் எதிரிலேயே தீட்டுகிறேன். "கையைத் தூக்காதே, தூக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று உயிரை வாங்குகிறார். கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போகத் தோன்றுகிறது. முதலாளியிடம் தானே போய், "பொண்டாட்டி தீட்டுறா, நான் வெட்டுறேன்" என்று சொல்லிவிட்டார்.

தட்டை இப்போது நான் கழுவுகிறேன்.

தம்பி மனைவி


மே 16

பட்டதாரிக்கு,

சுகம். நீங்கள் மூவரும் அப்படியே இருங்கள்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். மூன்று மாதத்தைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது சமாதானம் சொல்வதாகிவிடும். அதனால் எழுதவில்லை.

ஜூன் முதல் வாரம் எனக்கு ஆறு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. வரலாமா? ஒன்றை மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். குழந்தையை என் கையில் கொடுப்பாயா? முடியாது என்றால் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன், உன் மேல் வருத்தம் இருக்காது. மனசுக்கு இதமாகப் பொய் மட்டும் எழுதாதே.

அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

மூவரும் சுகம். கட்டாயம் வாருங்கள்.

பொய் எழுதவில்லை. பயம் போகவில்லை. தினமும் குளிப்பாட்டும்போது பொடிசின் முதுகு, கை, கால் எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கொசு கடித்த தடத்தைக்கூட விடுவதில்லை. இவர் அவளைத் தூக்கிக்கொள்ளும்போது நான் பாத்திரம் துலக்குவதுபோல நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவருக்கு அது தெரியும். "பயப்படு, ஆனா தூக்கிட்டு ஓடாதே" என்றார் ஒருநாள். இதுவரை ஓடவில்லை. டாக்டர் சொன்னது, நீங்கள் எழுதியது எல்லாம் புத்திக்குப் புரிந்துவிட்டது. புத்தி சொல்வதைக் கை கேட்க நாளாகிறது. நீங்கள் அவளை வாங்கும்போது என் கை தானாக முன்னால் நீளும். நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். பார்க்காத மாதிரி இருக்க வேண்டாம்.

ஆனாலும் கொடுப்பேன். வாசலில் வைத்து அல்ல. உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்த பிறகு.

அவள் இப்போது நல்ல கனம், நிலையாக இருக்கவும் மாட்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
தம்பி மனைவி